கூலன்ட் எதைக் காக்கிறது?

பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதைச் சுற்றியிருப்பதோ அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். இருந்தும் மே மாத வெயிலில், சென்னை நெரிசலில் ஊர்ந்து போகும் ஒரு யமஹா ஏரோக்ஸ் 155 ஸ்கூட்டர் பத்திரமாக வீடு சேர்கிறது. அதைக் காப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான திரவம்.

பைக்கின் என்ஜினுக்கு எதிர்க்காற்று நேராகக் கிடைக்கும். ஸ்கூட்டரின் என்ஜினோ சீட்டுக்கு அடியில் பேனல்களுக்குள் அடைந்து கிடக்கிறது. ஆக்டிவா போன்ற வண்டிகளில் ஒரு விசிறி காற்றை ஊதியே சமாளிக்கிறது. ஏரோக்ஸிலோ கூலன்டின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரை என்ஜினின் வலப்பக்கத்திலேயே பொருத்தியிருக்கிறார்கள். பள்ளம் மேடுகளில் பின்சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும்.

வெப்பத்தை அள்ளிச் செல்வதில் தண்ணீரை மிஞ்சும் திரவம் அரிது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.2 கிலோஜூல் வேண்டும். கூலன்டில் தண்ணீரோடு கலக்கும் எத்திலீன் கிளைக்காலுக்கு 2.4 போதும். அப்படியானால் கிளைக்கால் கலப்பதால் கூலன்டின் திறன் குறையத்தான் செய்கிறது! பிறகு ஏன் கலக்கிறார்கள்?

தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும் என்பது ஒரு காரணம். சரிபாதி கலவை ஏறத்தாழ 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரைப் போல அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் அந்த எல்லை 120 டிகிரியையும் தாண்டுகிறது. உறைநிலையில் நடப்பது இன்னும் வியப்பு: தண்ணீர் 0 டிகிரியில் உறையும், கிளைக்கால் மைனஸ் 13-இல், இரண்டும் சேர்ந்தால் மைனஸ் 37 வரை உறையாது. லடாக் போகிறவர்களுக்கு அது உயிர்நாடி, நமக்குத் தேவைப்படாது.

நமக்கு முக்கியம் மூன்றாவது காரணம். தண்ணீர் குளிர்விக்கும், கூடவே உலோகத்தை அரிக்கவும் செய்யும். அலுமினியமும் எஃகும் ஒரே திரவத்தில் நனைந்தால் அங்கே சிறு மின்கலமே உருவாகி, ஒரு உலோகம் கரையத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் கூலன்டில் அரிப்புத் தடுப்பான்களைச் சேர்க்கிறார்கள். அவை உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, காவல் காத்தபடியே தீர்ந்துபோகின்றன. கிளைக்காலும் வெப்பத்தில் மெல்ல அமிலமாக மாறுகிறது. கூலன்டின் நிறம் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது வெறும் சாயம். அதனால்தான் நிறத்தை நம்பாமல் கையேடு சொல்லும் கெடுவுக்குள் மாற்ற வேண்டும் என்கிறேன்.

வீட்டிலேயே கூலன்டை மாற்றுவது கடினமல்ல. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விழுந்து, கூலன்ட் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும். வடிகால் போல்ட்டைக் கழற்றிப் பழையதைப் பாத்திரத்தில் பிடியுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். அலசுவதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. போர் தண்ணீரில் உள்ள கால்சியம் சூடான சுவரில் உப்புப் படிவாக ஒட்டி வெப்பத்தை மறிக்கும். குளோரைடோ அலுமினியத்தில் குழி பறிக்கும். தயாராகக் கலந்து வரும் கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்க்கவேண்டாம். வகை மாற்றிக் கலந்தால் சில சமயம் கூழாகிவிடும்.

நிதானமாக ஊற்றுங்கள். உள்ளே சிக்கும் காற்றுக்குமிழிதான் பெரிய எதிரி, அது நிற்கும் இடத்தில் உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொள்ளத் திரவம் இருக்காது. வண்டியை இருபுறமும் மெல்லச் சாய்த்து, சற்று நேரம் ஐடிலில் ஓடவிட்டால் குமிழிகள் வெளியேறி மட்டம் இறங்கும். அந்தக் குறையை நிரப்பி மூடுங்கள். ரிசர்வ் டேங்கில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கட்டும்.

பிடித்துவைத்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய்கள் நக்கிக் குடித்துவிடும், குழந்தையும்கூட. உடலுக்குள் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாக உறைகிறது. கொஞ்சம் குடித்தாலே உயிர் போகலாம். கேனில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டி, பழைய கூலன்டை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். தரையில் சிந்தியதையும் உடனே துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.