இணையவழி வகுப்பில் களைப்பைக் குறைப்போம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூகுள் மீட்டில் கணக்குப் பாடம் நடத்தினேன். "எல்லாரும் கேமராவைப் போடுங்க" என்றுதான் தினமும் தொடங்குவேன். முகம் தெரிந்தால்தான் பாடத்தைக் கவனிக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை.

ஒரு மாணவனின் படம் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கண்டித்தேன். மறுநாளிலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை. பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் ஊருக்குப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. கண்மாய்க் கரையில் நின்று, அப்பாவின் கைபேசியை ஒரு மணி நேரம் ஏந்திப் பிடித்திருக்கிறான். "கையும் வலிக்கும், தலையும் வலிக்கும் டீச்சர். கீழ வச்சா மூஞ்சி தெரியலைன்னு திட்டுவீங்க" என்றான். அவன் களைப்புக்கு நானே காரணம் என்பது அன்று புரிந்தது.

களைப்பு ஏன் வருகிறது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் நான்கு காரணங்களைச் சொல்கிறார். திரையில் எல்லா முகங்களும் மிக அருகில் நின்று நம்மையே உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கிறது. நம் முகத்தை நாமே ஓயாமல் பார்க்கிறோம். கேமராவின் கட்டத்தைவிட்டு நகர முடிவதில்லை. நேரில் இயல்பாகப் புரியும் தலையசைப்பையும் முகக்குறிப்பையும் திரையில் முயன்று கவனிக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறையில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பார்கள், குனிந்து எழுதுவார்கள், பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தச் சிறு சிறு ஓய்வுகள் திரையில் கிடைப்பதில்லை.

நான் மாற்றிக்கொண்டவை

1. வணக்கம் சொல்லும் இரண்டு நிமிடம் மட்டும் கேமரா. அதுவும் விரும்பியவர்களுக்கு மட்டும். பாட நேரத்தில் குரல் போதும்.

2. 15 நிமிடம் விளக்கம். அடுத்த 10 நிமிடம் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டில் கணக்குப் போடுவது. கடைசி 10 நிமிடம் சந்தேகம் கேட்பது.

3. நடுவில் எழுந்து நின்று, 20 அடிக்கு அப்பால் உள்ள மரத்தையோ வீட்டையோ 20 விநாடி பார்ப்பது. கண்ணுக்கு ஓய்வு.

4. முகத்தைப் பார்த்து வருகை குறிப்பதை விட்டேன். பெயர் சொல்லி ஒரு சிறு கேள்வி கேட்பேன். பதில் வந்தால் வருகை.

5. பாடத்தின் சாரத்தை ஐந்து நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வேலைக்குப் போன அப்பா இரவு கைபேசியோடு திரும்பும் வீடுகளுக்கு இது உதவியது. டேட்டாவும் மிச்சம்.

மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதலும் நேரத்துக்கு வரம்பு சொல்கிறது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம். 9 முதல் 12 வரை நான்குக்கு மேல் வேண்டாம் என்கிறது.

அந்த மாணவன் திரும்பி வந்தான். கைபேசியைக் கரையில் ஒரு கல்மேல் வைத்துவிட்டு, நோட்டை மடியில் விரித்துக் கணக்குப் போட்டான். கைபேசியே இல்லாத பிள்ளைகளுக்கு இந்த வழிகள் எதுவும் உதவவில்லை. அவர்களை வீடு தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மழை விடுமுறையிலோ தேர்வுக் காலத்திலோ மீண்டும் இணையவழி வகுப்பு எடுக்க நேரலாம். நமக்கான பயிற்சிகளும் கூட்டங்களும் திரையில் நடக்கின்றன. அரை மணி நேரத்தில் நம் கண்ணும் கழுத்தும் என்ன சொல்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். பிள்ளைக்கும் அதேதான்.