கிலுகிலுப்பைச் செடியும் புள்ளி அந்துப்பூச்சியும்

ஐப்பசி மழைக்குப் பின் ஓட்டப்பிடாரத்துக் கரிசல் புஞ்சைகளின் ஓரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் கிலுகிலுப்பைச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முற்றிய காயை ஆட்டினால் விதைகள் கிலுகிலுக்கும். செடியைச் சற்று அசைத்துப் பாருங்கள். வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளியிட்ட சிறு அந்துப்பூச்சி ஒன்று பட்டப்பகலிலேயே பறந்து எழக்கூடும். இதன் விஞ்ஞானப் பெயர் உடெதீசா புல்கெல்லா.

பெரும்பாலான அந்துகள் பகலில் ஒளிந்திருக்க, இதற்கு மட்டும் அச்சமில்லாதது ஏன்? கிலுகிலுப்பையில், சிறப்பாக அதன் விதையில், பிர்ரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் நஞ்சு உண்டு. புழுப்பருவத்தில் காயைத் துளைத்து விதையைத் தின்னும்போது அந்நஞ்சு உடலில் சேர்கிறது. சிறகு முளைத்த பின்னும் நீங்குவதில்லை. சிறகின் புள்ளிகள் பகைவருக்கு எச்சரிக்கை.

இதன் நெருங்கிய அமெரிக்க இனம் ஒன்றைக் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஐஸ்னர் ஆராய்ந்தார். வலையில் விழுந்த அந்தைச் சிலந்தி தின்னவில்லை. நூல்களை அறுத்து விடுவித்தது! நஞ்சில்லாத உணவில் வளர்த்த அந்தையோ தின்றுவிட்டது.

அந்துக்குக் காவலான நஞ்சு நமக்குக் கேடு. 1970-களில், அன்று மத்தியப் பிரதேசத்திலிருந்த சர்குஜா மாவட்டத்தில், கிலுகிலுப்பை இன விதை கலந்த சிறுதானியத்தை உண்டு 67 பேர் ஈரல் நோயுற்றனர். 28 பேர் இறந்தனர். ஆகவே, களத்தில் தானியம் தூற்றும்போது வேற்று விதைகளைப் பார்த்து நீக்கிவிடுங்கள்.