ரப்பர் மீன் நீந்தும் விதம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே முகத்துவாரம், மட்டக்குளி என்று போனால் களனி கங்கை கடலோடு சேரும் இடம் வந்துவிடும். வெயில் தணிந்ததும் அங்கே தூண்டில்காரர்கள் கூடுகிறார்கள். இறாலையும் உயிர்மீனையும் கோத்து எறிகிறவர்களுக்குப் பக்கத்தில், விரல் நீளத்து ரப்பர் மீனைத் திரும்பத் திரும்ப எறிந்து சுற்றியிழுப்பவர்களும் நிற்கிறார்கள். இரத்தவாடையில்லாத, கண்ணுக்குக்கூட வெறும் சாயப்புள்ளி வைத்த பிளாஸ்டிக் துண்டு அது. அதைத்தான் கொடுவா பாய்ந்து விழுங்குகிறது.

ரப்பர் மீன் என்று சொன்னாலும் அதில் ரப்பர் இல்லை. நீர்க்குழாய் செய்யும் அதே பிவிசிதான். அதன் தூளை, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்தால் பால்போல வெள்ளையாக இருக்கும். ஏறத்தாழ 170 பாகைக்கு மேல் சூடாக்கும்போது அது தெளிந்து இளகும், ஆறும்போது கெட்டியாகும். நிறமும் மினுக்குத்தூளும் சேர்த்து அச்சில் ஊற்றி ஆறவிடுவார்கள். 1949இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து எக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் இப்படி ஒரு மண்புழுவை வார்த்தார். அங்குள்ள ஏரிகளின் பாஸ் மீனுக்காக அந்தப் புழு வந்தது. மீன் வடிவங்களும் வால்வைத்த வகைகளும் அதன் பிறகு வந்தவை.

நம் கொடுவாவை வியாபாரத்தில் ஆசிய ஸீ பாஸ் என்கிறார்கள். அமெரிக்க ஏரி பாஸுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. வேட்டைமுறைதான் ஒன்று. இரண்டும் பாறை, வேர், பாலத்தூண் என்று எதையாவது அணைத்து அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் வாயைச் சட்டென்று அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகின்றன. அதனால் பாஸுக்கென்று செய்த கருவி இங்கேயும் அப்படியே பலித்தது.

ரப்பர் மீனின் உயிர் வாலில் இருக்கிறது. உடல் தடித்திருக்க, வால்முனைக்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய இடுப்பு. அதன் கடைசியில் குறுக்கே திரும்பி நிற்கும் சிறு தட்டு. இழுக்கும்போது நீர் அந்தத் தட்டில் மோதி அதை ஒரு பக்கம் தள்ளுகிறது. இடுப்பு வளைகிறது, மீள்தன்மையால் திரும்புகிறது, மறுபக்கம் போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு சுழி கழன்று, இடமும் வலமுமாய்ப் பின்னால் வரிசையாக நிற்கிறது. வெள்ளநாளில் களனிப் பாலத்தூண்களுக்குப் பின்னே இதே மாதிரிச் சுழிகள் மாறி மாறிப் புறப்படுவதைப் பார்க்கலாம். இதன் கணக்கை 1911இல் தியடோர் வொன் கார்மன் விளக்கினார்.

கொடுவாவின் விலாவில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுகிறது. பக்கக்கோடு எனப்படும் அந்த உறுப்பில் நுண்மயிர் கொண்ட உணர்கலங்கள் வரிசையாக உள்ளன. கிட்டத்தில் நீர் அசைந்தாலே அவை உணரும். மழைக்காலத்தில் களனி செம்மண் கலங்கலாக வரும்போது கண் அதிகம் உதவாது. அப்போது சிறுமீன் போகிற தடத்தைக் காட்டிக்கொடுப்பது அந்த அதிர்வுதான். ரப்பர் வால் எழுப்புவதும் ஏறக்குறைய அதையே. நிறத்தைப் பற்றி நம்மவர்கள் நிறைய வாதிடுகிறார்கள். என் எண்ணத்தில் நிறம் மூன்றாம் பட்சம். வால் முதலாவது, இழுக்கும் ஆழம் இரண்டாவது.

அந்த வால் ஒழுங்காக ஆட வேண்டுமானால் கோர்வை நேராக இருக்க வேண்டும். இதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். சாதாரணக் கோர்வையில், தலையில் ஈயம் வார்த்த முள்ளை ரப்பர் மீனின் மூக்கு நடுவில் குத்தி, உடலுக்குள்ளாகவே கொண்டுபோய், முதுகின் நடுக்கோட்டில் வெளியே எடுக்கிறோம். குத்துவதற்கு முன் முள்ளை மீனின் பக்கத்தில் வைத்து அளந்து, வெளிவரும் இடத்தை நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் எடுத்தால் உடல் இழுபட்டு விறைக்கும். பின்னால் எடுத்தால் சுருங்கிக் கூனும். பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் மீன் தண்ணீரில் உருளும், தங்கூசியும் முறுக்கிக்கொள்ளும். கோத்ததும் காலடித் தண்ணீரில் ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். சாய்ந்து வந்தால் கழற்றி மறுபடி கோத்துக்கொள்ளுங்கள்.

பொல்கொட ஏரியின் கண்டல் வேர்களுக்குள்ளும் ஆகாயத்தாமரைத் திட்டுகளின் ஓரத்திலும் இந்தக் கோர்வை நிற்காது. முள் முதல் எறிதலிலேயே சிக்கும். அங்கே அகன்ற வளைவுள்ள, தண்டின் அடியில் ஈயம் பொருத்திய முள் தேவை. முனையை மூக்கில் சிறிது குத்தி அடியில் எடுத்து, முள்ளைத் திருப்பி, வயிற்றுப் பிளவு வழியாக மேலேற்றி முதுகோடு படியவைப்பார்கள். இலைதழையில் முனை வெளியே தெரியாது. மீன் கவ்வி அழுத்தும்போது ரப்பர் அமுங்கி முள் வெளிப்படும். ஈயம் வயிற்றடியில் இருப்பதால் பாரமையம் தாழ்ந்து, ரப்பர் மீன் கவிழாமல் நிமிர்ந்து வரும்.

இழுவை மெதுவாக இருக்கட்டும். வாலின் துடிப்பு கம்பு வழியாகக் கைக்குத் தெரிகிற வேகமே போதும். கடல் வற்றும் நேரம் நல்லது. கொழும்பில் ஏற்றவற்றம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆனாலும் அந்த இறக்கம் சிறுமீன்களை முகத்துவாரத்துக்கு இழுத்து வரும், ஓட்டத்தின் விளிம்பில் கொடுவா காத்திருக்கும். அதன் செவுள்மூடி கத்திபோல வெட்டும். எனவே நூலின் முனையில் ஒரு பாகம் நீளத்துக்குத் தடித்த தங்கூசி கட்டாயம்.

பெரிய கொடுவா கிடைத்தால் இதை நினையுங்கள்: இந்த மீன் பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 80 சென்ரிமீற்றரைத் தாண்டும் பருவத்தில் பெண்ணாக மாறுகிறது. ஆகவே கைக்கு வரும் பெரிய மீன் அநேகமாக இலட்சக்கணக்கில் முட்டையிடக்கூடிய தாய். நடுத்தர மீனைக் கறிக்கு எடுத்து, பெரியதைத் திருப்பி விடுவதே சரி.

கிழிந்த ரப்பர் மீனை என்ன செய்வது என்பதும் இந்தக் கலையின் பகுதிதான். பிவிசி உக்காது, உள்ளிருக்கும் மென்மையாக்கி கசிந்துகொண்டே இருக்கும், விழுங்கிய மீனின் வயிற்றில் துண்டு தங்கிவிடும். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் நம் கடலில் கொட்டின. வெள்ளவத்தைக் கால்வாய் ஒவ்வொரு மழைக்கும் தன் பங்குக்குக் குப்பையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தூண்டில்காரரும் அதில் சேர வேண்டாம். பையில் ஒரு சிறிய டப்பாவை வைத்திருங்கள். அறுந்த வாலையும் வெட்டிய தங்கூசியையும் அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள்.