உடம்பும் மனசும் ஒரே வீட்டில்

“மனசு சரியில்லை, சோறே இறங்கலை” என்று ஒருமுறையாவது சொல்லாத வீடு நம்மிடையே இருக்காது. பரீட்சை முடிவு வரும் நாளில் வயிற்றைக் கலக்குகிறது. துக்கச் செய்தி கேட்டால் நெஞ்சை அடைக்கிறது. உடம்பும் மனசும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது. ஆனால் வைத்தியம் என்று வந்துவிட்டால் இரண்டையும் பிரித்துவிடுகிறோம். சர்க்கரைக்கு மாத்திரை வாங்குபவர், ராத்திரி தூக்கம் வராததை மருத்துவரிடம் சொல்வதில்லை. மனம் சோர்ந்து கிடப்பவரிடம், நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துத் தாங்கும் பழக்கங்கள் சில உண்டு. அவற்றுக்குப் பெரிய செலவில்லை. நாள் தவறாத நேரம்தான் வேண்டும்.

காலை வெளிச்சம்

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், ஓர் அரிசி அளவே உள்ள நரம்புக் கூட்டம் இருக்கிறது. பசி, தூக்கம், உடல் சூடு, ஹார்மோன் சுரப்பு எல்லாவற்றுக்கும் வேளை குறித்துக் கொடுப்பது அதுதான். இந்த உடல் கடிகாரம் செல்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். விடிந்ததும் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலோ வாசலிலோ நின்றாலே போதும். வாசல் தெளித்துக் கோலம் போட்டவர்களுக்கு இது கேட்காமலே கிடைத்தது. கண் விழித்ததும் போர்வைக்குள்ளேயே செல்போனைத் திறப்பவர்கள் அதை இழக்கிறார்கள்.

நடை என்னும் மருந்து

1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இருவரும் வேலை பார்த்தது ஒரே பேருந்தில்தான்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேர நடை இதற்குச் சரியாகும். மூச்சு சற்று வாங்க வேண்டும். ஆனால் பேச முடிய வேண்டும். அதுவே சரியான வேகம். ஒரே மூச்சில் முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்டபின் நடந்தால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சோர்வும் பதற்றமும் நடையில் தணிகின்றன. வீட்டை விட்டு வெளியே வர மனமில்லாத நாளில்தான் நடை மிகவும் தேவை.

தட்டில் என்ன இருக்கிறது?

தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறோ கேழ்வரகோ கம்போ, மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்றவை. இந்தக் கணக்கு நினைவில் இருந்தால் போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் சோறுதான் பாதிக்கு மேல் இடம் பிடிக்கிறது.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். குழம்பில் போடுவதை மட்டும் கணக்கெடுக்கிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் மிக்சர் ஆகியவற்றில் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

காபியிலும் கவனம் வேண்டும். குடித்த ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகும் அதன் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடலில் இருக்கும். மாலை ஆறு மணிக் காபி, இரவு பதினொன்றிலும் விழித்துக்கொண்டிருக்கும்.

நாலு வார்த்தை பேச ஆள்

1938-இல் தொடங்கிய ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, நூற்றுக்கணக்கானவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்தது. முதுமையில் உடலும் மனமும் நலமாக இருந்தவர்களிடம் அது முக்கியமாகக் கண்டது, மனிதர்களோடு இருந்த நல்ல உறவு. ஆகவே அக்காவுக்கு ஒரு போன் செய்வதும், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நின்று பேசுவதும் வெட்டிப்பொழுது ஆகாது.

தூக்கம்

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் எழுங்கள். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியுங்கள். செல்போனைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். மது தூக்கத்தைத் தரும் என்று பலர் நம்புகிறார்கள்; கண் செருகும், ஆனால் நடுஇரவில் தூக்கம் உடைந்துபோகும்.

பழக்கம் மட்டும் போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், பிடித்த எதிலும் நாட்டமில்லை என்றால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் நாள் முழுக்க, இலவசமாக, தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

ஒரு பழக்கம் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் படிய எத்தனை நாளாகும் என்று லண்டனில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரிந்தது. விட்டுப்போன நாளுக்காக யாரும் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு புதியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக் காலைக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். வெளிச்சம் முகத்தில் படட்டும். எதிர்வீட்டில் யாராவது நின்றால் நலம் விசாரியுங்கள். டம்ளரை வைத்துவிட்டுத் தெருமுனை வரை ஒரு நடை போய்வாருங்கள். மறுநாளும் அதே நேரத்துக்கு வாசலுக்கு வந்துவிடுங்கள்.