வலி என்னும் காவலாளி

அடுப்பிலிருக்கும் பாத்திரத்தில் கை பட்டதும் "ஐயோ!" என்று இழுத்துக் கொள்ளுகிறோம். வலி என்பதே இல்லாதிருந்தால் எவ்வளவு சுகம் என்று நேயர்களுக்குத் தோன்றலாம். அவ்விதம் வலியறியாமல் பிறக்கும் குழந்தைகளும் உலகில் உண்டு. பல் முளைத்ததும் அவை தம் நாவையும் விரல்களையும் கடித்துப் புண்ணாக்கிக் கொள்ளுகின்றன. எலும்பு முறிந்தாலும் அழுவதில்லை. வியர்வையும் சுரப்பதில்லையாதலால், உடற்சூடு ஏறிச் சில சிசுக்கள் மாண்டும் போகின்றன.

இதன் காரணம் கர்ப்பத்திலேயே நேர்ந்து விடுகிறது. கரு வளருகையில், முதுகுத்தண்டின் அருகிலிருந்து நரம்பிழைகள் நீரைத் தேடும் வேர்களைப்போல் புறப்பட்டுத் தோலை நாடுகின்றன. தோல் ஒருவகை வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கிறது, அதுவும் சிறிதளவே. இழையின் நுனியில் அதனை ஏற்றுக் கொள்ள ஓர் என்ஸைம் காத்திருக்கிறது. உணவைச் செரிக்கச் செய்யும் என்ஸைம்களை நாம் அறிவோம்; இதுவோ செய்தி சொல்லும் என்ஸைம். புரதம் வந்து தொட்டதும் இவை இரண்டிரண்டாகக் கூடி, ஒன்றன்மேலொன்று பாஸ்பேட் முத்திரை பதிக்கின்றன. அம்முத்திரையைக் கண்டு உள்ளேயுள்ள பிற புரதங்கள் விழித்தெழ, "பிழைத்திரு, கிளை விடு" என்னும் கட்டளை நரம்பணுவின் உட்கரு வரையில் செல்லுகிறது. கட்டளை கிட்டாத நரம்பணு மடிந்து விடுகிறது.

இப்புரதத்தைத் தேடிச் சென்றவர் ரீட்டா லெவி-மொன்டால்சினி என்ற இத்தாலிய யூதப் பெண்மணி. 1938-இல் முஸோலினியின் சட்டங்கள் யூதர்களைச் சர்வகலாசாலைகளிலிருந்து வெளியேற்றின. அவர் துரின் நகரில் தமது படுக்கையறையையே ஆராய்ச்சிக்கூடமாக்கி, தையலூசிகளைக் கூராக்கிக் கொண்டு, கோழி முட்டைக் கருவின் நரம்புகளைச் சோதித்தார். சோதனை முடிந்த முட்டைகள் யுத்தகாலச் சமையலுக்கும் உதவினவாம்! பின்னர் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனுடன் சேர்ந்து அப்புரதத்தைக் கண்டறிந்தார். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதனை ஏற்கும் என்ஸைம் 1991-இல் தெரிந்தது. அந்த என்ஸைமின் ஜீன் பழுதுபடுவதே மேற்சொன்ன நோயின் காரணமென்று 1996-இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள்.

மிக அரிய நோய்தான். வீண் பீதி வேண்டாம். ஆயினும் நம் வீட்டு விவகாரம் ஒன்று இதில் உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தாலொழிய இந்நோய் தோன்றாது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் சுகமாகவே இருப்பார். ஒரே பாட்டனாரின் வழிவந்தவர்கள் மணந்து கொள்ளும்போது, ஒரே பழுது இருவரிடமும் இருக்கக்கூடும். அப்படியானால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். மாமன் மகள், அத்தை மகன் என்று உரிமை பேசுவது எங்கள் திருநின்றவூரில் இன்னும் ஓயவில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால்பங்குக்கு மேற்பட்டோர் உறவிலேயே மணந்தவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது.

இத்தகைய குழந்தை பிறந்த வீட்டார் அடுத்த கர்ப்பத்துக்கு முன் பரம்பரை நோய் மருத்துவரைக் கலந்து கொள்வது அவசியம். பிறந்த குழந்தைக்கோ, தாயின் கண்களே வலியின் வேலையைச் செய்ய வேண்டும்: நாள்தோறும் நாவையும் பாதங்களையும் பார்த்து, உடற்சூட்டை அளந்து, வெயிலில் விடாமல் காப்பது.