நடுவழியில் நிற்கும் கார்

கோடை நண்பகலில் நெடுந்தூரம் ஓடிய கார் திடீரென நின்றுவிடுகிறது. எத்துணை முயன்றும் கிளம்புவதில்லை. மரநிழலில் அரைமணி காத்திருந்து சாவியைத் திருப்பினால், ஒன்றும் நிகழாதது போல ஓடத் தொடங்குகிறது. இவ்விந்தையைக் கண்ட நேயர்கள் பலர் இருப்பர். இதற்குப் பலமுறை காரணமாவது, கிராங்க் சென்சார் எனப் பட்டறைகளில் வழங்கும் கட்டைவிரலளவுக் கருவியாகும்.

பழைய அம்பாசடரில் தீப்பொறி எழும் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் நிர்ணயித்தது. இன்றைய கார்களில் அப்பணி கணிப்பொறியுடையது. ஆனால் பிஸ்டன்களின் ஏற்றிறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் எந்நிலையில் உள்ளதென அதற்கு எடுத்துரைப்பார் வேண்டுமன்றோ? ஷாஃப்ட்டோடு சுழலும் பற்சக்கரமொன்றின் அருகே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், இக்கருவி அமர்ந்திருக்கிறது. பல கார்களில் அச்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமிருந்தும் 58 பற்களே உண்டு. ஒவ்வொரு பல்லும் 6 பாகைச் சுழற்சியைக் காட்ட, இல்லாத இரு பற்களின் வெற்றிடமே சுற்றின் அடையாளமாகிறது. இல்லாமையும் செய்தி சொல்லும் விந்தை இது!

இக்கருவி இருவகைப்படும். காந்தமும் மெல்லிய கம்பிச் சுருளும் கொண்டது ஒன்று; ஹால் விளைவால் இயங்குவது மற்றொன்று. சுருளின் கம்பி வெப்பத்தில் தொடர்பற்றால் எஞ்சினும் நிற்கும்; ஆறியதும் தொடர்பு கூடும். மலைப்பாதையில் இவ்வாறு நேரின் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கின் துணைவிசையும் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும். ஆகவே இதனை ஒத்திப்போடலாகாது.

எனினும் உடனே புதுக் கருவி வாங்க விரைவதை நாம் ஒப்புவதில்லை. பெட்ரோல் பம்பை மாற்றிப் பணமும் கொடுத்த பின்னரே அது குற்றமற்றதென அறிந்து வருந்துவோர் உண்டு. சோதனைக் கருவியில் பி0335 என்னும் குறியீடு தோன்றினும், கோளாறு கம்பியிலோ இணைப்பிலோ இருத்தல் கூடும். எலி கடித்த கம்பியை முதலில் தேடுக. சுருள் வகையை ஓம் மீட்டரால் அளக்கலாம். ஹால் வகையை அவ்வாறு அளத்தல் கூடாது, உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று கெடக்கூடும்.

மாற்றும் வேலை பல கார்களில் கடினமன்று. எஞ்சின் ஆறிய பின் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றவேண்டும். காருக்கடியில் புகுவதாயின் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். போல்ட்டைக் கழற்றியதும், துருவேறிய கருவியை நெம்பாமல் இருபுறமும் மெல்லத் திருகி எடுக்கவேண்டும். நெம்பினால் ஒடிந்து பாதி உள்ளேயே தங்கும். அரைமணி வேலை அரைநாள் வேலையாகும். இருக்கையைத் துடைத்து, ரப்பர் வளையத்துக்குச் சிறிது எண்ணெய் தடவிப் புதியதைப் பொருத்துக. பழையதன் அடியில் தகட்டு வளையம் இருந்திருப்பின் அதனை மறவாது வைக்கவேண்டும். இடைவெளியைக் காப்பது அதுவே. கம்பி சூடான புகைக்குழாயைத் தொடாதவாறு பழைய கவ்விகளிலேயே செல்லட்டும். சில கார்களில் புதிய கருவியைக் கணிப்பொறிக்குப் பழக்கவும் வேண்டும். அதற்குரிய சாதனம் உள்ள பட்டறையை நாடுவதே தக்கது.