பிக்கப்புக்குப் பழைய டீசல் இன்ஜின் வாங்கப் போறீங்களா? முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க!

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. அன்றைக்குத்தான் காலண்டர் அச்சகங்கள் அடுத்த வருடத்துக்கான ஆல்பத்தை வெளியிடும். பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குவார்கள். அதிலிருந்து தீபாவளி வரை பேப்பர், அட்டை, கார்ட்டன் பெட்டி, தீப்பெட்டி பண்டல் என்று ஏதாவது ஒரு லோடு திருத்தங்கலுக்கும் சாத்தூருக்கும் விருதுநகருக்கும் போய்க்கொண்டே இருக்கும். சொந்தமாக ஒரே ஒரு பிக்கப் வைத்து, தானே ஓட்டிப் பிழைக்கும் ஆளுக்கு இதுதான் நாலு காசு பார்க்கிற காலம்.

அந்த நேரம் பார்த்து வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கினால்? லோடு ஏற்றினால் இழுக்கவில்லை, வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. பட்டறைக்குப் போனால் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, இன்ஜினைப் பிரித்து ரீபோர் அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றுவது. லேத் பட்டறையில் வேலை முடியக் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருந்த பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி அப்படியே மாட்டிவிடுவது. இன்ஜின் கையில் இருந்தால் சில நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். சீசனில் பலரும் இரண்டாவதற்குச் சாய்வது இதனால்தான். தப்பான முடிவு என்று சொல்ல முடியாது. ஆனால், எந்த இன்ஜினை வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் இன்ஜின் உண்மையிலேயே செத்துவிட்டதா? கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்போ, நாசில் கோளாறோ, பம்ப் அதிகம் டீசல் விடுவதோ காரணமாக இருக்கலாம். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து வெள்ளைப் புகை விட்டால், நாசிலும் பம்ப் டைமிங்கும்கூடக் காரணமாக இருக்கலாம். இவற்றையெல்லாம் பம்ப் சர்வீஸ் கடையிலேயே சரிசெய்துவிடலாம். நீலப் புகையும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடிக்கும் 'பேக் கம்ப்ரஷனும்' சேர்ந்து இருந்தால்தான் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்று பயப்பட வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான்.

பெரிய இன்ஜின் ஆசை

சரி, இன்ஜின் மாற்றியே ஆக வேண்டும். உடனே ஓர் ஆசை வரும்: 'மாட்டுறதுதான் மாட்டுறோம், கொஞ்சம் பெரிசா மாட்டினா என்ன?'

இதற்கான பதில் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. இன்ஜின் எண், எத்தனை சிலிண்டர், எத்தனை சி.சி., என்ன எரிபொருள் என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அப்படியென்றால் இன்ஜினே மாற்றக் கூடாதா? மாற்றலாம். அதே கம்பெனியின் அதே வகை இன்ஜினை, ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு. 10 அல்லது அதற்கு மேல் போக்குவரத்து வாகனம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், மாநில அரசு அறிவிக்கை மூலம் அதிகாரம் கொடுத்தால், முன் ஒப்புதல் இல்லாமல் அதே வகை இன்ஜினை மாற்றிவிட்டு 14 நாளுக்குள் தெரிவிக்கும் சலுகையைச் சட்டம் தருகிறது. ஒற்றை வண்டிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கியர்பாக்ஸ், கிளட்ச், ஆக்ஸில், முன் பட்டை, பிரேக் எல்லாமே பழைய இன்ஜினின் எடைக்கும் இழுவைக்கும் கணக்குப் போட்டுச் செய்தவை. இன்ஜினை மட்டும் பெரிதாக்கினால் அடுத்தடுத்து அவை ஒவ்வொன்றாகக் கை நீட்டும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் எல்லாம் சமவெளிச் சாலை. மலை ஏற வேண்டிய வேலை இல்லை. இங்கே வண்டிக்குக் கூடுதல் குதிரைசக்தியைவிட அடங்கிய சூடுதான் முக்கியம்.

நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டாடா இன்ஜின் பெயர்களில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 2005-ல் வந்து ஊரெல்லாம் 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸின் இன்ஜின் 275. அதாவது 2 சிலிண்டர், 75 மில்லிமீட்டர் போர். மொத்தம் 702 சி.சி. டாடா 207 டி.ஐ.யில் வந்த 497 என்றால் 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், 2,956 சி.சி. பெயரிலேயே பாதி ஜாதகம் எழுதியிருக்கிறது.

மஹிந்திராவில் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய பொலிரோ வகை வண்டிகளில் மெக்கானிக்கல் பம்ப் வைத்த டி.ஐ. இன்ஜினும் 2,523 சி.சி., பிறகு வந்த காமன் ரெயில் இன்ஜினும் 2,523 சி.சி. 'அதே சி.சி. தாண்ணே, அப்படியே உட்காரும்' என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட வேண்டாம். சி.சி. ஒன்று என்பதால் இரண்டும் ஒரே இன்ஜின் ஆகிவிடாது.

மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினுக்கு டீசலும் ஸ்டார்ட்டருக்கு பேட்டரியும் கொடுத்தால் போதும், ஓடும். அந்த பம்பை இன்றைக்கும் பட்டறைகளில் 'மைக்கோ பம்ப்' என்றுதான் சொல்கிறார்கள். மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, பட்டறை வாயில்தான் மாறவில்லை. காமன் ரெயில் அப்படியில்லை. இ.சி.யு., வயரிங், சென்சார்கள், ஆக்ஸிலேட்டர் பெடல், சில மாடல்களில் சாவியோடு சேர்ந்த இம்மொபிலைசர் எல்லாம் ஒன்றோடொன்று பேசினால்தான் ஸ்டார்ட் ஆகும். பல மாடல்களில் இன்ஜெக்டர் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வைத்து இ.சி.யு.வில் ஏற்ற வேண்டும். ஆகவே, மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின், காமன் ரெயில் வண்டிக்கு அதே மாடல் காமன் ரெயில் இன்ஜின். குறுக்கே போக வேண்டாம்.

கடையில் நிற்கும்போது

பழைய இன்ஜின் என்றதும் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் என்று பேர் அடிபடும். விருதுநகரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். வாங்கி வந்து மாட்டிய பிறகு கோளாறு தெரிந்தால் திருப்பிக் கொண்டுபோகும் வாடகை யார் கொடுப்பது? கொஞ்சம் விலை கூடினாலும் மதுரை பக்கமே, முகம் தெரிந்த ஆளிடம், ஓடவிட்டுப் பார்த்து வாங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. டாடா வண்டி என்றால் கம்பெனியே பழைய இன்ஜினை வாங்கிக்கொண்டு புதுப்பித்த இன்ஜின் கொடுக்கும் 'ப்ரோலைஃப்' என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. உங்கள் மாடலுக்குக் கிடைக்குமா என்று டீலரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கடைக்குப் போனதும் முதல் வேலை, பிளாக்கில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள், ஆறட்டும். தேய்ந்த டீசல் இன்ஜின் தன் குட்டை முழுப் பச்சையாக ஸ்டார்ட் செய்யும்போதுதான் உடைக்கும். இதற்குக் காரணம் எளிது. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17 முதல் 22 மடங்கு வரை அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ரிங்கும் வால்வும் கசிந்தால் அமுக்கமும் குறையும், சூடும் குறையும். சூடான இன்ஜினில் அந்தக் குறை பாதி மறைந்துவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயிலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால் பேக் கம்ப்ரஷன். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகக் கெட்டியாக, புத்தம் புதிதாக இருந்தால் சத்தத்தையும் புகையையும் மறைக்க ஊற்றியிருக்கலாம். கால் மணி நேரம் ஓடவிட்டு, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இல்லை ஹெட்டில் வெடிப்பு. நல்ல சூட்டில், ஐடிலில், ஆயில் பிரஷர் எவ்வளவு என்று கேஜ் மாட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. கிராங்க் பேரிங்கின் கதையை அது சொல்லிவிடும். அணைத்த பிறகு கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். தெளிவாக 'டக் டக்' என்று ஆடினால் அந்த இன்ஜினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

பளபளவென்று பெயின்ட் அடித்த பிளாக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். வெல்டிங் வைத்த இடம், வெடிப்பு எல்லாம் பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். எனக்குக் கேட்டால் ஆயில் கசிந்த அழுக்கோடு இருக்கும் இன்ஜினே மேல். எங்கே ஒழுகுகிறது என்றாவது தெரியும்.

விலை பேசும்போது 'ஹாஃப் இன்ஜினா, ஃபுல் இன்ஜினா' என்று தெளிவாகக் கேளுங்கள். ஹெட் இல்லாமல் பிளாக்கோடு கிராங்க், பிஸ்டன் மட்டும் வருவது ஹாஃப். ஃபுல் என்றாலும் பம்ப், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் சேருமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஆல்டர்னேட்டரைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வாக்யூம் தானாகக் கிடைக்காது. அதற்கென்று ஒரு பம்ப் உண்டு. நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். வேறு ஆல்டர்னேட்டரை மாட்டினாலோ, அந்த பம்ப் தேய்ந்திருந்தாலோ, வண்டி நன்றாக ஓடும். பிரேக் மட்டும் கல்லாக இருக்கும். லோடோடு நான்குவழிச் சாலையில் இறங்கிய பிறகு இது தெரியக் கூடாது. பட்டறையிலேயே பெடலை மிதித்துப் பார்த்துவிடுங்கள்.

யாருடைய இன்ஜின் அது?

பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அந்த இடம் அராவியது போலவோ, எழுத்துகள் ஏறுக்குமாறாகவோ இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அந்த இன்ஜின் வந்த வண்டியின் ஆர்.சி. நகல், ஆர்.சி. ரத்தான ஆதாரம், இன்ஜின் எண் எழுதிய பில் மூன்றையும் கேளுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில், வண்டி எண்ணையும் இன்ஜின், சேஸிஸ் எண்களையும் கொடுத்து, அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மாட்டிய பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். பிறகு அதையே இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் ஏற்ற வேண்டும். 8 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. உண்டு, எண் இடித்தால் அங்கே மாட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் விபத்து நடந்த அன்றுதான் வரும். ஆர்.சி.யில் ஓர் எண், வண்டியில் ஓர் எண் என்றால், க்ளெய்மை இழுத்தடிக்கவும் மறுக்கவும் கம்பெனிக்கு நாமே கதவைத் திறந்துவிட்டது போல ஆகிவிடும்.

முதல் இன்ஜின் ஏன் போனது?

இன்ஜினை இறக்கியதும் யாரும் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது. விருதுநகர் வெயிலில், போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி, ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்து அடைத்திருந்தால், சூடேறித்தான் முதல் இன்ஜின் போயிருக்கும். அதே ரேடியேட்டரோடு மாட்டினால் இரண்டாவதும் அதே வழியில் போகும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட், மவுன்ட் ரப்பர் எல்லாம் இன்ஜின் கீழே இருக்கும்போதே மாற்ற வேண்டியவை. பிறகு மாற்றினால் கூலி இரண்டு தடவை.

கடைசியாக, இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம். ஆயில் எரிக்கும் இன்ஜினின் சைலன்சருக்குள் கரி படியும். லோடில் அழுத்தி மிதிக்கும்போது அது பெயர்ந்து தீப்பொறியாக வெளியே வரலாம். வேறு ஊரில் அது வெறும் கரி. பட்டாசு ஆலை வாசலில் அட்டை இறக்க நிற்கும் வண்டியில் அப்படியில்லை. நல்ல இன்ஜின் மாட்டினாலும் பழைய சைலன்சரைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஆலைக்குள் போகும் வண்டி என்றால் ஸ்பார்க் அரெஸ்டரும் மாட்டுங்கள். பட்டாசும் வெடிமருந்தும் ஏற்றும் வேன் வைத்திருப்பவர்கள் இன்ஜின் தேடப் புறப்படுவதற்கு முன்பே, உரிமம் கொடுத்த வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். அந்த வேன்கள் வெடிபொருள் விதிகள் 2008-ன் கீழ் தனி உரிமத்தில் ஓடுகின்றன, ஆர்.டி.ஓ. ஒப்புதல் மட்டும் அதற்குப் போதாது.